நாள் தள்ளிப்போன பிறகு சிகரெட்டை விடுவது: மதுரைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

இதைப் படிக்கும் நீங்கள் சிகரெட் பிடிக்கும் பெண் என்றும், சோதனைக் குச்சியில் இரண்டு கோடுகளைப் பார்த்துவிட்டீர்கள் என்றும், வீட்டில் ஒருவருக்கும் உங்கள் பழக்கம் தெரியாது என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. பெங்களூரில் இரவு ஷிப்ட் வேலையில் இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம், கல்யாணமாகி வில்லாபுரத்தில் மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் குடியிருக்க வந்த பிறகும் போகவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்பதால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நாளொன்றுக்கு ஆறு சிகரெட் என்ற கணக்கில் அது நடந்துகொண்டிருந்தது. நாள் தள்ளிப்போய்ப் பதினோரு நாள் கழித்துச் சோதித்துப் பார்த்து, அன்றைக்கே விட்டுவிட முடிவெடுத்தும், முழுமையாக விட எனக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் ஆயிற்று. அதில் மூன்று வாரம், யாரிடம் கேட்பது, எங்கே போவது, எதை எதில் எழுதுவார்கள் என்று தெரியாமலே கழிந்தது. அந்த மூன்று வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்த முடியுமா என்று பார்க்கிறேன்.

நம் ஊரில் ஒரு பெண் சிகரெட்டை விடுவதில் நிக்கோட்டின் பாதிச் சிக்கல்தான். மறைத்தே பழகியதை மறைத்தே விட முயல்வது மீதிப் பாதி. கீழே உள்ள படிகளின் வரிசை அதை மனத்தில் வைத்துப் போட்டது.

1. முதலில் வாரத்தைக் கணக்கிடுங்கள்

கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து வாரங்களை எண்ணுங்கள். டாக்டர்களும் செவிலியர்களும் இந்தக் கணக்கைத்தான் பேசுவார்கள்; கரு தரித்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வாரம் பிசகும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், 15 வாரம் முடிவதற்குள் முழுமையாக விட்டுவிட்ட பெண்களிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரும் வாய்ப்பு, சிகரெட் பிடிக்காத பெண்களுக்கு இருக்கும் அளவுக்கே இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக 15 வாரம் வரை தவணை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கருச்சிதைவு அபாயம் இப்போதே இருக்கிறது. குழந்தையின் உறுப்புகள் உருவாவதும் இந்த முதல் மூன்று மாதத்தில்தான். உதட்டுப் பிளவுக்கும் அண்ணப் பிளவுக்கும் இந்தக் காலத்துப் புகை ஒரு காரணம். 15 வாரம் தாண்டிவிட்டது என்று சோர்ந்துபோகவும் வேண்டாம், எந்த வாரத்தில் விட்டாலும் குழந்தையின் எடையில் பலன் தெரியும்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. கடைசிச் சிகரெட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் இந்த வாயு உடலைவிட்டுப் போய்விடுகிறது. மனம் தளர்ந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்த தகவல் இதுதான்; பத்து வருடப் பழக்கத்தின் இந்த ஒரு பகுதியாவது இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது.

"திடீரென்று விட்டால் குழந்தைக்கு அதிர்ச்சியாகும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறை" என்று என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். அதில் உண்மையில்லை. ஒரே நாளில் நிறுத்துவதால் குழந்தைக்குக் கேடு எதுவும் இல்லை. ஆறை மூன்றாகக் குறைத்தபோது நான் அந்த மூன்றையும் அடிவரை, நெஞ்சு நிறைய இழுத்தேன். கணக்கில் பாதி என்றாலும் உள்ளே போனது பாதியாகியிருக்காது. 'லைட்ஸ்' எனப்படும் லேசான வகைச் சிகரெட்டுக்கு மாறுவதும் இதே கதைதான்.

2. வீட்டில் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

ஒருவர் போதும், ஆனால் அந்த ஒருவர் வேண்டும். முதல் சில நாட்களில் நீங்கள் எரிந்துவிழப்போகிறீர்கள், தூங்காமல் உலவப்போகிறீர்கள், கிளினிக்குக்கு இரண்டு முறை கூடுதலாகப் போகப்போகிறீர்கள். காரணம் தெரிந்த ஒரு ஆள் வீட்டுக்குள் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் தயாரிக்க வேண்டியிருக்கும். அந்தப் பொய்களின் களைப்பிலேயே நான் இரண்டு முறை மாடிக்குப் போயிருக்கிறேன்.

நான் கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, மறுநாள் காலையில், "சரி, நான் என்ன செய்யணும்னு சொல்லு" என்றார். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் உறுதி கூற மாட்டேன். கணவர் கை ஓங்கும் ஆள் என்றாலோ, விஷயத்தை அன்றிரவே அவருடைய அம்மாவிடம் ஒப்பித்துவிடுவார் என்றாலோ, அவரை விட்டுவிட்டு அக்காவிடமோ மதினியிடமோ கல்லூரித் தோழியிடமோ சொல்லுங்கள். சொல்லும்போது அவர்களுக்கு ஒரு வேலையையும் கொடுத்துவிடுங்கள். மாலை நான்கரைக்குப் போன் செய்வது என் தோழிக்குக் கொடுத்த வேலை, ஏனென்றால் அத்தை கோயிலுக்குக் கிளம்பும் நேரம் அது.

3. இலவச எண்ணை அழையுங்கள்

புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய எண் 1800-11-2356. 2018 முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. படத்தைப் பார்க்கக் கூசிப் பாக்கெட்டைத் திருப்பி வைத்தே பழகியதால் நான் அதைக் கவனித்ததில்லை. செலவில்லை. செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள், திங்கட்கிழமை விடுமுறை. தென்மாநில மொழிகளுக்கான மையம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருப்பதால் தமிழிலேயே பேசலாம்.

அழைப்பதற்கு முன் இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: நாளொன்றுக்கு எத்தனை, எத்தனை வருடமாக, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்துக்குள் முதல் சிகரெட், எந்த வேளைகளில் அடக்க முடிவதில்லை, இப்போது எத்தனையாவது வாரம். கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மருந்து பற்றிய பேச்சே அதனால் மாறிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் குறித்த நாளுக்குப் பிறகு, எப்படிப் போகிறது என்று கேட்க அவர்களே திரும்ப அழைப்பார்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அந்த அழைப்பை என் வீட்டில் மாமா எடுத்துவிட்டார். நல்லவேளையாக எதிர்முனையில் இருந்தவர் விவரம் எதுவும் சொல்லாமல் என்னைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எந்த நேரத்தில் அழைத்தால் வசதி என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரில் ஆலோசனை வேண்டும் என்றால், பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனை, அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்குக் காசில்லை, ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும். மனநலம் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு, வீட்டிலிருந்தே பேச 14416 என்ற, டெலி மானஸ் எனப்படும் அரசு மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. இரவு ஒரு மணிக்குத் தூக்கம் வராமல் கை பரபரக்கும்போது அழைக்கக்கூடிய எண் அதுதான்.

4. டாக்டரிடம் சொல்லும் முறை

இந்தப் படியில்தான் நான் அதிகம் அடிபட்டேன், எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் போன தனியார் கிளினிக்கில், டாக்டர் கேட்காமலே நானாகச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் போட்டுவிட்டு, "படிச்ச பொண்ணு, வெட்கமா இல்ல?" என்று கேட்ட குரல், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வரை போயிற்று. அறிவுரை கிடைத்தது, வழி ஒன்றும் கிடைக்கவில்லை. 400 ரூபாய் கட்டணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வாரம் வேறொரு இடத்துக்குப் போனபோது, பழக்கம் எதுவும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டுமே வீண். திட்டிய டாக்டரால் பயனில்லை. பொய் கேட்ட டாக்டராலும் உதவ முடியாது.

மூன்றாவது இடத்தில் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதிக்கொண்டு போனேன்: "பத்து வருடமாக நாளுக்கு 6 சிகரெட். இப்போது நிறுத்த முயல்கிறேன். வீட்டில் தெரியாது. தனியாகப் பேச வேண்டும்." எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் சிறிய அறைக்குப் பெரும்பாலும் கூட வந்தவர்களை விடுவதில்லை, அங்கே செவிலியரிடம் தாளைக் கொடுத்து, டாக்டரிடம் சேர்த்துவிடும்படி கேட்டேன். அத்தை வெளியே அமர்ந்திருந்த பத்து நிமிடத்தில் எல்லாம் பேசி முடிந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை?" என்பதுதான். திட்டவில்லை.

அட்டை பற்றிய பயம் உங்களுக்கும் இருக்கும். அரசு தரும் தாய் சேய் நல அட்டையும் கிளினிக்கில் தரும் ஃபைலும் வீட்டில் எல்லோர் கையிலும் புரளும். எங்கள் அத்தை அதைப் பீரோவில் நகையோடு வைத்திருந்தார். புகைப்பழக்கத்தை மருத்துவமனையின் சொந்தப் பதிவில் குறித்துக்கொண்டு, நம் கையில் தரும் ஃபைலில் எழுதாமல் விடும்படி நேரடியாகக் கேளுங்கள். நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் கடமை. நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. எங்கும் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்காதீர்கள். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பதும், அது முன்கூட்டியே பிரிவதும் புகைத்தவர்களிடம் கூடுதலாக நேர்வதால், பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

அதே நாளில் ஃபோலிக் அமிலம் மாத்திரை பற்றியும் கேட்டுவிடுங்கள். தினம் 400 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்.

5. பதிவும் காகிதங்களும்

சிகரெட்டை விடும் கட்டுரையில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். மறைத்து விட முயல்கிறவர்கள் டாக்டரைத் தள்ளிப்போடுவார்கள், டாக்டரைத் தள்ளிப்போடும்போது பதிவும் தள்ளிப்போகும், அதனால் பணமும் போகும். எனக்கு ஏறத்தாழ அதுதான் நடக்கவிருந்தது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்தையும் பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவு இணையதளத்தில் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் வாங்க வேண்டும். பின்னால் குழந்தையின் பிறப்பைப் பதியும்போதும் இந்த எண்ணைக் கேட்பார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமங்களில் என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பதியலாம். இணையத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம். 102 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். தனியாரில் பிரசவம் பார்க்கப்போகிறவர்களுக்கும் இது கட்டாயம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் ஆதார், கணவரின் ஆதார், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், குடும்ப அட்டை, கைபேசி எண், கடைசி மாதவிலக்குத் தேதி. இதில் சறுக்குவது வங்கிக் கணக்குதான். கணவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கைக் கொண்டுபோய்த் திரும்பி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். சிகரெட் பிடித்தவர் என்பதற்காக இதில் எதையும் மறுக்க மாட்டார்கள், அதைக் கேட்கும் கட்டமும் விண்ணப்பத்தில் இல்லை.

செலவைப் பொறுத்தவரை நான் கொடுத்தது இது: மூன்று கிளினிக் கட்டணங்கள் சேர்த்து 1,150 ரூபாய், முதல் ஸ்கேன் 900, 12ஆம் வாரத்தில் எடுத்த, குழந்தையின் பின்கழுத்தில் உள்ள திரவ அளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேன் 1,800. அரசு மருத்துவமனையில் பார்த்திருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். ஸ்கேனுக்குப் போகும்போது அடையாள அட்டையை மறக்காதீர்கள். சட்டப்படி ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்காமல் எடுக்க மாட்டார்கள். என்.டி. ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள் மட்டுமே எடுக்கக்கூடியது என்பதால், அந்தத் தேதியையே எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடுவாக வைத்திருந்தேன்.

வரவுப் பக்கமும் ஒன்று உண்டு. ஒன்று 18 ரூபாய் வீதம் ஆறு சிகரெட்டுக்கு நாளொன்றுக்கு 108 ரூபாய், மாதம் 3,240. ஸ்கேன் செலவு இரண்டும் அதற்குள் அடங்கிவிட்டது.

6. நாளைக் குறித்து, இடத்தைத் துடையுங்கள்

நான்கைந்து நாளுக்கு மேல் தள்ளாமல் ஒரு நாளைக் குறியுங்கள். அமாவாசை, விசேஷம், நாத்தனார் வருகை எல்லாம் ஒதுங்கிய நாளாகப் பாருங்கள். திங்கட்கிழமை வேண்டாம், ஆலோசனை எண் அன்றைக்கு இயங்காது.

முந்தின நாள் இரவு ஒளித்துவைத்த எல்லாவற்றையும் எடுத்து அழியுங்கள். எல்லாவற்றையும் என்றுதான் சொல்கிறேன். நான் மாடித் தொட்டிக்குப் பின்னால் செங்கல் இடுக்கில் இருந்த பாக்கெட்டை நீரில் முக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பழைய கோலப்பொடி டப்பாவில் இருந்த இரண்டு சிகரெட்டை மறந்துவிட்டேன். மறந்தேனா, மறந்ததுபோல் வைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. லைட்டரையும் விடாதீர்கள், அடுப்புக்கு என்று சாக்குச் சொல்லி அது தங்கிவிடும்.

எங்கே வாங்குகிறீர்களோ அந்த வழியையும் மாற்றுங்கள். எனக்கு அவனியாபுரம் பக்கம் ஒரு பெட்டிக்கடை; "வீட்டுக்காரருக்கு" என்று சொல்லி வாங்குவேன், கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் எடுத்து வைப்பார். அந்தத் தெருவழியாக ஸ்கூட்டர் போவதை மூன்று மாதம் நிறுத்தினேன்.

7. முதல் மூன்று நாளும் அடுத்த மூன்று வாரமும்

இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். அதற்குப் பிறகு மெல்ல இறங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். கர்ப்ப காலத்தில் உடல் நிக்கோட்டினை வழக்கத்தைவிட வேகமாக வெளியேற்றிவிடுவதால், ஏக்கம் சற்று முரட்டுத்தனமாகவே வரும். "மற்றவர்களால் முடிகிறதே, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

ஏக்கம் ஒவ்வொன்றும் அலை மாதிரி எழுந்து சில நிமிடத்தில் தணியும். இதைப் புத்தகத்தில் படித்தபோது நான் நம்பவில்லை. இரண்டாம் நாள் மாலை, அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும், உள்ளங்கை வியர்த்து, நாக்கின் அடியில் எச்சில் ஊறிற்று. போனில் ஓட்டக் கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். கண் எரிந்தது, மூக்கு ஒழுகிற்று, ஏழாவது வெங்காயத்தில் கைநடுக்கம் குறைந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் நான்கு நிமிடம் பத்து விநாடி. அதற்குப் பிறகு ஏக்கம் வரும்போதெல்லாம் கடிகாரத்தை ஓடவிட்டேன், ஒன்றுகூட ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வெங்காயம்தான் வேண்டும் என்றில்லை. இரு கைக்கும் வேலை இருக்க வேண்டும், அது விரலில் வாடை ஏறும் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

வாய்க்கு நெல்லிக்காய், கொய்யாக்காய், பொட்டுக்கடலை, சோம்பு வைத்துக்கொண்டேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிகரெட்டை விட்ட பலருக்கு மலச்சிக்கல் வரும், பின்னால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கும்போது அது கூடும். எனவே கீரையும் பழமும் இப்போதே.

காபி, டீ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிகரெட் பிடிக்கும்போது கல்லீரல் காபியின் கஃபீனை வேகமாகக் கரைக்கும். நிறுத்தியதும் அந்த வேகம் குறையும், கர்ப்பமும் அதை மேலும் மெதுவாக்கும். அதே மூன்று டம்ளர் காபி இப்போது இரட்டிப்பாக ஏறிப் படபடப்பும் தூக்கமின்மையும் தரும், நீங்கள் அதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். கர்ப்பத்தில் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை.

மறைத்து விடுகிறவர்களுக்கு இந்த நேரத்தில் ஒரு வசதி உண்டு. எரிச்சல், தூக்கமின்மை, அழுகை, பசி மாறுவது எல்லாவற்றுக்கும் வீட்டில் தயாராக ஒரு பெயர் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு நான் எழுந்தபோது அத்தை பக்கத்து வீட்டு அம்மாவிடம், "மசக்கைல இப்படித்தான் எரிஞ்சு விழுகும், நாம பார்க்காததா" என்று சொல்லிச் சிரித்தார். நான் மறுக்கவில்லை. உண்மையான மசக்கையும் ஒத்தாசை செய்தது, ஏழாம் வாரத்தில் புகை வாடையே குமட்டியது. அந்தக் குமட்டலை நம்பி மட்டும் இருக்காதீர்கள். பலருக்கு அது மூன்றாம் மாதத்தோடு போய்விடும், அப்போது பழைய ஆசை எட்டிப்பார்க்கும்.

அதே சமயம் எல்லாவற்றையும் சிகரெட் விட்ட கோளாறு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இரத்தப்போக்கு, ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலியோடு தலைசுற்றல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். கருக்குழாயில் கரு தங்குவதும் புகைத்தவர்களிடம் அதிகம்.

8. மாற்று என்ற பெயரில் வருபவை

நிக்கோட்டின் சூயிங்கம், 2 மில்லிகிராம் அளவில், மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். கிடைக்கிறது என்பதற்காக நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பத்தில் முதல் வழி ஆலோசனையும் மன உறுதியும்தான்; அதனால் முடியவே இல்லை என்னும்போது, தொடர்ந்து புகைப்பதைவிட இது மேல் என்று கருதி டாக்டர் எழுதித்தருவது உண்டு. எனக்கு எழுதவில்லை, தேவைப்படவும் இல்லை. சிகரெட்டை விட மற்றவர்களுக்குத் தரும் புப்ரோப்பியான், வாரனிக்ளின் மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழைய சீட்டு வீட்டில் இருந்தால் அதை வைத்து வாங்க வேண்டாம்.

வேப் எனப்படும் மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டது. இரகசியமாக விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூலிகைச் சிகரெட்டில் நிக்கோட்டின் இல்லாவிட்டாலும் எரிகிற இலை எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு வரும்.

வெற்றிலை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோழவந்தான் வெற்றிலை பெயர் பெற்ற ஊர் நம்முடையது. மாசமாக இருக்கும் பெண்ணுக்கு, வாய்க் குமட்டலுக்கு என்று பாட்டிகள் தாம்பூலம் மடித்துக் கொடுப்பது சாதாரணம். அந்த மடிப்புக்குள் ஒரு துணுக்குப் புகையிலை இருந்தால், புகை இல்லாமலே நிக்கோட்டின் உள்ளே போகிறது. மென்னும் புகையிலையாலும் எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறப்பது எல்லாம் நேரக்கூடும். 2016-17ஆம் ஆண்டு நடந்த தேசியக் கணக்கெடுப்பில், இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு 2 பேர். புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் ஏறத்தாழ 13 பேர். எனவே உங்கள் பழக்கம் சிகரெட் இல்லை, புகையிலையோ மூக்குப்பொடியோதான் என்றாலும் இந்தப் படிகள் அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும், அதே இலவச எண்ணும்தான். பாக்கிலும் போதை உண்டு, அதையும் சேர்த்தே விடுங்கள்.

9. வழுக்கிவிட்டால்

ஒன்பதாம் வாரம் முடியும் தறுவாயில் நான் அந்தக் கோலப்பொடி டப்பாவைத் திறந்தேன். கணவரோடு ஒரு சண்டை, அற்ப விஷயம். ஒன்றைப் பிடித்தேன், பாதியில் தலை சுற்றிற்று. எல்லாம் பாழ் என்று மற்றதையும் பிடித்தேன். தவறு முதல் சிகரெட்டில் இருந்ததைவிட அந்த நினைப்பில்தான் அதிகம் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு இலவச எண்ணை அழைத்து நடந்ததைச் சொன்னேன். புதிய நாள் எதுவும் குறிக்கச் சொல்லவில்லை, நேற்றோடு முடிந்தது என்று வைத்துத் தொடரச் சொன்னார்கள். தொடர்ந்தேன். அதற்குப் பிறகு இல்லை. வழுக்கினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள், வீட்டில் மீதியிருப்பதை அன்றைக்கே அழியுங்கள், எத்தனை பிடித்தீர்கள் என்பதை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

10. வீட்டு ஆண்களின் புகை

நீங்கள் விட்ட பிறகும், பக்கத்தில் ஒருவர் பிடிக்கும் புகை குழந்தையை எட்டும். என் கணவர் பிடிப்பதில்லை. மாமா பீடி பிடிப்பார், முன்திண்ணையில், காலையும் இரவும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறி போடுவதும் போதாது. வீட்டுக்கு வெளியே, வாசலைத் தாண்டிப் போய்ப் பிடித்துவிட்டு வர வேண்டும். மருமகள் வாயால் இதை மாமனாரிடம் சொல்வது நம் வீடுகளில் நடவாத காரியம் என்பதால், அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரையே சொல்லவைத்தேன். "வீட்ல யாராவது பிடிக்கிறாங்களா? இவங்க பக்கத்துல கூடாது" என்று அத்தையிடம் நேராகச் சொன்னார். அன்று மாலையே மாமாவின் தீப்பெட்டி தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவீர்கள். அங்கே அப்பாவோ அண்ணனோ தம்பியோ பிடிக்கிறவர்களாக இருந்தால், வளைகாப்புத் தேதி பேசும்போதே அம்மாவிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிடுங்கள். போய் இறங்கிய பிறகு பேசினால் மனத்தாங்கலாகும். உங்கள் பழைய அறையின் அலமாரி, பரண், கல்லூரிக் காலத்துக் கைப்பை இவற்றை நீங்கள் போவதற்கு முன்பே, விஷயம் தெரிந்த அந்த ஒருவரை அனுப்பித் தேடச் சொல்லுங்கள். என் தோழி திருமங்கலத்தில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய், கைப்பையின் உள்ஜிப்பில் ஒரு பாக்கெட்டையும் அதில் நமத்துப்போன நான்கு சிகரெட்டையும் எடுத்து வந்தாள்.